ஏலத்துக்குக் கொடுத்த படம்

தானமாகக் கொடுத்த பொருளைப் பற்றி அப்புறம் வாயைத் திறக்கக்கூடாது என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் பலர். என் கணவரும் அவர்களில் ஒருவர். இத்தனை வருஷமாகத் திறக்கவில்லை. வயதானால் கோபம் தானாக அடங்கிவிடும் என்றார்கள். எனக்கு அடங்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் போர்ட் பிளேரில் மராமத்து இலாகாவில் ட்ரேசராக இருந்தேன். பொறியாளர்கள் பென்சிலில் போட்ட பாலத்தையும் பள்ளிக்கூடத்தையும் ட்ரேசிங் துணியில் மையால் படியெடுப்பது வேலை. பகல் முழுக்க மற்றவர்கள் போட்ட கோட்டின் மேலேயே கை போய்க்கொண்டிருக்கும். அந்தக் கடுப்பைத் தீர்த்துக்கொள்ள வீட்டில் ஆயில் பெயின்ட் வைத்து மனிதர்களை வரைவேன். பத்துபஸ்தியில் எங்கள் குவார்ட்டர்ஸ் இரண்டே அறை. டர்பன்டைன் வாசனை தாங்காமல் என் கணவர் மழையிலும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடுவார். வரைந்ததெல்லாம் கட்டிலுக்கு அடியில் போகும். யாரும் கேட்டதில்லை, நானும் காட்டியதில்லை.

எங்கள் ஊர்த் தமிழர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. அதன் செயலாளர் திருநெல்வேலிக்காரர், ஏதோ ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். காரியம் ஆகவேண்டுமென்றால் என்னைத் தங்கச்சி என்பார், எரிச்சல் வந்தால் மேடம் என்பார். பேச்சுக்கு நடுவில் அந்த ஊர் இந்தியும் வந்து விழும். ஒருநாள் சாயங்காலம் தங்கச்சி என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்கள் சில குடும்பமாகக் கப்பலில் வந்து இறங்கியிருந்தார்கள். கச்சால் தீவில் ரப்பர் போடுவதற்காக அவர்களைக் கொண்டுபோக வேண்டும். கடல் மோசமாக இருந்ததால் படகு போகவில்லை. ஹாடோ பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் தங்க வைத்திருந்தார்கள். கொசுவலை இல்லை, சமைக்கப் பாத்திரம் இல்லை. சங்கம் விழா எடுத்து உதவப் போகிறது, அதில் ஏலம் விட ஒரு படம் வேண்டும் என்றார்.

"அவங்கள்ல ஒருத்தரையே வரைஞ்சு குடு தங்கச்சி. மெயின்லேண்ட்ல இதெல்லாம் நல்லா சலேகா, விலை போகும். புண்ணியமாப் போகும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. கட்டிலுக்கு அடியில் போகாமல் என் படம் ஒன்று வெளியே போகப்போகிறது. ஒரு சல்லிக் காசு வேண்டாம், பெயின்டும் என்னுடையது, துணியும் என்னுடையது என்று சொல்லி அனுப்பினேன். எங்கள் தெருத் தச்சர் படாக் மரத்தில் சட்டம் அடித்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்குப் போனேன். வாசலில் ஒரு பெண் ஈரச் சுள்ளியை அடுப்பில் வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். கொழுந்து பறித்துப் பறித்து விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. வந்த விஷயத்தைச் சொன்னேன். அவள் அடுப்பிலிருந்து தலையை எடுத்து என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"படத்தை என்னாங்கம்மா செய்வாங்க?"

"ஏலம் விடுவாங்க. யாராவது வாங்கி வீட்டுல மாட்டுவாங்க. அந்தக் காசு உங்களுக்கு வரும்."

"அப்ப இன்னைக்கு வேணாம். அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க. யார் வீட்டுச் சுவத்துலயோ தொங்கப்போறேன், தலையை வாரிக்க வேணாமா?"

அடுத்த வாரம் போனபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. எண்ணெய் வைத்துப் படிய வாரி, தகரப் பெட்டியிலிருந்து எடுத்த அரக்குச் சேலையைக் கட்டியிருந்தாள். காதில் சிவப்புக்கல் தோடு. தோட்டத்தில் லீவு நாளில் கைக்காசுக்குக் கொழுந்து எடுத்து, தன் சம்பாத்தியத்தில் வாங்கியதாம். கப்பலேறும்போது சுங்கக்காரர்கள் பெட்டியைக் கிளறி என்னென்னவோ எடுத்துக்கொண்டார்களாம், இது காதில் இருந்ததால் தப்பித்ததாம். சொல்லிவிட்டு முகத்தை நேராக என் பக்கம் திருப்பி உட்கார்ந்தாள், இரண்டு தோடும் தெரிகிற மாதிரி. நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, உட்கார்ந்த விதம் அவளுடையது.

கடல் அடங்கவில்லை, ஞாயிறுதோறும் போனேன். கொட்டகையில் உள்ள பெண்களெல்லாம் பின்னால் நின்று அபிப்பிராயம் சொல்வார்கள். மூக்கு சரியில்லை என்று இரண்டு தடவை மாற்றினேன். கடைசியில் அவள் எழுந்து வந்து பார்த்து, "ஆமா, நான்தான்" என்றாள். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இன்றுவரை கிடைத்ததில்லை.

நன்றாகக் காய்ந்த பிறகு படத்தைச் சங்கத்துக்குக் கொண்டுபோனேன். செயலாளர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி இது. தோடும் சேலையுமா, கல்யாண வீட்டுக்குப் போறவ மாதிரில்லா இருக்கா. என் வீட்டுக்காரியை விட வசதியா இருக்கா."

"அவங்க அப்படித்தான் அண்ணாச்சி உட்கார்ந்தாங்க."

"தேகோ, பாவமா இருக்க வேண்டாமா? பாத்த உடனே எவனுக்கும் கை பைக்குள்ள போகணும். அந்தத் தோட்டை எடுத்துரு. சேலையில ஒரு கிழிசல் போடு. கண்ணுல ரெண்டு சொட்டு. அவ்வளவுதானே, உனக்கு அரைமணி நேர வேலை."

முடியாது என்றேன். ஏன் என்றார். வீட்டில் மாட்டப்போகிற படத்துக்காக ஒரு மனுஷி தலைவாரி உட்கார்ந்திருக்கிறாள், அவளை அழவைக்க எனக்கு இஷ்டமில்லை என்றேன். அவர் முகம் மாறிற்று.

"சரிங்க மேடம். உங்க இஷ்டம்."

அதோடு விட்டுவிட்டார் என்று நம்பினேன். படத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

விழா ஒரு பள்ளிக்கூட ஹாலில். மெயின்லேண்ட் கப்பல் வந்த வாரம் என்பதால் ஊரில் கூட்டம். கொட்டகை ஆட்களை முன்வரிசையில் ஜமுக்காளம் விரித்து உட்கார்த்தியிருந்தார்கள், மேடையில் ஏறிப் பாத்திரம் வாங்குவதற்கு வசதியாக. அவள் அதே அரக்குச் சேலையைக் கட்டி, தோடு போட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள். படம் மேடையில் வெள்ளைத் துணியால் மூடியிருந்தது. அதிகாரி ஒருவர் வந்து துணியை இழுத்தார்.

தோடு இல்லை. காது இரண்டும் வெறும் காது. வாரின தலையிலிருந்து மயிர் பிரிந்து நெற்றியில் விழுந்திருந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பு. தோளில் சேலை கிழிந்து ஒட்டுப்போட்டிருந்தது. கன்னத்தில் வெள்ளை எனாமலில் இரண்டு சொட்டு, படகுக்கு நம்பர் எழுதுகிற பெயின்ட். அது வழவழவென்று லைட் வெளிச்சத்தில் மின்னியது. ஹால் முழுக்க த்ச்சு த்ச்சு என்று சத்தம். யாரோ ஓர் அம்மாள் மூக்கை உறிஞ்சினாள்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வடிகாலின் கோட்டை பிளேடால் சுரண்டி மாற்றினால்கூட ஓரத்தில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கவேண்டும். சாக்கடைக்கு உள்ள மரியாதை ஒரு மனுஷியின் முகத்துக்கு இல்லை. என் கணவர் என் கையைப் பிடித்தார். உதறிவிட்டு மேடைக்குப் பக்கவாட்டில் போனேன். செயலாளர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார்.

"யாரைக் கேட்டு மாத்தினீங்க?"

"மேடம், குடுத்தது குடுத்ததுதான். உண்டியல்ல போட்ட காசு எப்படிச் செலவாச்சுன்னு சாமியைக் கேப்பீங்களா? படம் இப்ப சங்கத்துது."

"நான் பெயின்டைத்தான் குடுத்தேன். முகத்தைக் குடுத்தது கீழ உட்கார்ந்திருக்காங்க. அவங்களைக் கேட்டீங்களா?"

"அவங்களுக்குத்தானே பண்ணுதோம்" என்றார். மைக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு ஏலத்தைத் தொடங்கினார்.

எங்கள் ஊர்க் கோயில் ஏலங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் எலுமிச்சம்பழத்தை ஒருவர் பெரிய விலைக்கு எடுப்பார், எடுத்த கையோடு சாமிக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார். மறுபடி ஏலம், மறுபடி வேறொருவர். ஒவ்வொரு சுற்றிலும் எடுத்தவர் பெயரை மைக்கில் சொல்வார்கள். பழம் வாடும், பணம் சேரும், பெயர் பரவும். எலுமிச்சம்பழத்துக்கு அது சரி.

முதலில் மரக் கான்ட்ராக்டர் ஒருவர் எடுத்தார். மேடை ஏறினார், படத்தோடு போட்டோ பிடித்துக்கொண்டார், திரும்ப ஏலத்துக்கே கொடுக்கிறேன் என்றார். கைதட்டல். அடுத்து ஜவுளிக்கடை முதலாளி எடுத்தார். அவரும் திருப்பிக் கொடுத்தார். அப்புறம் ஓர் அரிசி மண்டிக்காரர். படம் மேசையை விட்டு நகரவே இல்லை. அத்தனை பேரும் அதை விலைக்கு எடுத்தார்கள், ஒருவருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. எவன் வீட்டுக் கூடத்தில் அழுகிற பிச்சைக்காரியை மாட்டுவான்? அவளிடம் நான் சொன்னது என்ன, யாராவது வாங்கி வீட்டில் மாட்டுவார்கள் என்றல்லவா சொன்னேன். அந்தப் பொய்யையும் இவர்கள் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அவளைப் பார்த்தேன். அவள் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கையைத் தூக்கி ஒரு காதைத் தொட்டாள், அப்புறம் மற்றக் காதை.

நாலாவது சுற்று. செயலாளர் உற்சாகத்தில் குரலை இழுத்தார். "இந்த ஏழைத் தாயின் கண்ணீரைப் பாருங்க. ஆரம்ப விலை யார் கேக்கிறீங்க?"

"ஒரு ரூவா."

முன்வரிசையில் அவள் எழுந்து நின்றாள். ஹாலில் சிலர் சிரித்தார்கள். செயலாளரும் சிரித்தார்.

"அம்மா, உக்காருங்க. உங்களுக்காகத்தான் இதெல்லாம்."

"ஒரு ரூவாங்கய்யா. எழுதிக்குங்க."

அவர் ஹாலைப் பார்த்தார். இப்போது யார் இரண்டு ரூபாய் கேட்பது? அவளுக்கு உதவ வந்த கூட்டம், அவளோடு போட்டி போட்டு அவள் படத்தைப் பிடுங்குவதா? ஜவுளிக்கடைக்காரர் குனிந்து செருப்பைப் பார்த்தார். கான்ட்ராக்டர் பக்கத்து ஆளிடம் ஏதோ பேச ஆரம்பித்தார். மேடையிலிருந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, என்ன ஆயிற்று என்று இந்தியில் கேட்டார். செயலாளர் வேறு வழியில்லாமல் ஒரு தரம் என்றார், இரண்டு தரம் என்றார். மூன்றாவதைச் சொல்ல அவருக்கு ரொம்ப நேரமாயிற்று.

அவள் மேடையேறி, முந்தானை முடிச்சை அவிழ்த்து ரூபாயை மேசைமேல் வைத்தாள். படத்தை இரண்டு கையாலும் எடுத்தாள்.

"அம்மா, ஏலத்துக்கே திருப்பிக் குடுக்கறீங்களா?" என்று செயலாளர் மைக்கிலேயே கேட்டார். அந்த மனிதருடைய துணிச்சலை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

"இல்லீங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

அன்றைக்கு அவளுக்கு வீடு என்று இருந்தது அந்தத் தகரக் கொட்டகை. படத்தின் முகத்தைத் தன் மார்புப் பக்கம் திருப்பிக்கொண்டு கீழே இறங்கினாள். பாத்திரம் கொடுக்கும்போது அவள் பெயரைக் கூப்பிட்டார்கள், அவள் அதற்கு முன்பே போய்விட்டிருந்தாள். அவள் பங்கைப் பக்கத்தில் இருந்தவள் வாங்கிக்கொண்டாள்.

கடல் அடங்கி, இரண்டு நாள் கழித்துப் படகு புறப்படும் என்று சொன்னார்கள். விழாவுக்கு மறுநாள் காலையில் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு டர்பன்டைன், கந்தல், பிரஷ் எல்லாம் எடுத்துக்கொண்டு ஹாடோவுக்குப் போனேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்தேன். ஒன்றும் பேச வேண்டியிருக்கவில்லை. என்னைக் கண்டதும் படத்தைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்து வைத்தாள்.

"இது போகுங்களாம்மா?"

எனாமல் மேலே காய்ந்திருந்ததே தவிர இன்னும் இறுகவில்லை. கண்ணீர் சுலபமாகப் போயிற்று, ஒரு துடைப்பிலேயே. ஒட்டுத்துணியும் நெற்றி மயிரும் மெல்ல மெல்லப் போயின. காதில் அப்பியிருந்த எனாமலைத் துடைத்தபோது அடியிலிருந்த என் சிவப்பும் சேர்ந்து வந்துவிட்டது. தோட்டைத் திரும்பப் போட வேண்டியிருந்தது. அவள் எதிரே உட்கார்ந்து தலையைத் திருப்பிக் கொடுத்தாள். முடித்ததும் எழுந்து வந்து கிட்டே பார்த்தாள்.

"இந்தப் பக்கத்துக் கல்லு நெசத்துல இவ்வளவு பெருசு இல்லீங்களே."

"சின்னதாக்கட்டுமா?"

"இருக்கட்டும்" என்றாள்.

படகு புறப்பட்ட அன்று சங்கத்தார் மாலையும் போட்டோகிராபருமாக ஜெட்டிக்கு வந்திருந்தார்கள். செயலாளர் என் பக்கத்தில் வந்து நின்றார். கோபமெல்லாம் தீர்ந்து பழையபடி தங்கச்சி ஆகியிருந்தேன்.

"இன்னும் ரெண்டு சுத்து வந்திருக்கும் தங்கச்சி. அந்தப் பொம்பளை கெடுத்துட்டா."

"அண்ணாச்சி, உங்க வீட்டுல மாட்டறதுக்கு வேணும்னு ஒரு தடவையாவது நெனைச்சீங்களா?"

"அது வேற விஷயம்லா" என்றார்.

படகில் அவள் ஓரமாக, தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். தோட்டுப் பெயின்ட் இன்னும் காயவில்லை, சேலையில் ஒட்டிவிடும். அதனால் படத்தை முழங்காலில் நிறுத்தி, முகத்தை வெளிப்பக்கமாக எங்களைப் பார்க்கும்படி வைத்துப் பிடித்திருந்தாள். படகு நகர்ந்ததும் செயலாளர் கையை உயர்த்தி ஆட்டினார், போட்டோகிராபரும் தயாராக நின்றார். அவளுக்கு இரண்டு கையும் படத்தில் இருந்தது. அவள் பதிலுக்கு ஆட்டவில்லை.