ஒரே மனசாக

கோப்பெங் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். மிஞ்சியது கோயிலும் இடுகாடும்தான். நான் பிறக்கும் முன்பே, பால்குடி மறக்காத வயதில் இறந்துபோன என் அக்கா அந்த இடுகாட்டில் இருக்கிறாள். ஓர் அரளிச் செடிதான் அடையாளம். டவுன் பக்கம் புந்தோங்குக்குக் குடிவந்த பிறகும் அம்மா வருஷந்தவறாமல் போய் அதனடியில் பாலும் பிஸ்கட்டும் வைத்துவிட்டு வருவாள்.

போன வருஷம் வீடு கட்டுகிறவர்கள் இடுகாட்டையும் கேட்டார்கள். கொடுத்தால் வேறிடத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு நினைவுக்கல் வைப்பார்களாம். முடிவெடுக்கப் பழைய தோட்டத்து மக்கள் கோயிலில் கூட்டம் போட்டார்கள். அம்மாவுக்கு முட்டிவலி, வர முடியவில்லை. "வேண்டாம்னு சொல்லிட்டு வாங்க, அது போதும்" என்று அப்பாவை அனுப்பினாள். நான்தான் வேன் ஓட்டினேன். பேச வேண்டியதை அப்பா வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். வீட்டில் எங்களை அதட்டியே காலம் தள்ளியவர், அங்கேயும் ஒரு சத்தம் போடுவார் என்று நம்பினேன்.

எங்கள் தோட்டத்தில் எந்த முடிவும் ஒரே மனசாகத்தான் இருக்க வேண்டும். வேலைநிறுத்தத்தின்போது தனியாகப் பால்மரம் வெட்டி ரப்பர்பால் எடுக்கப் போனவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு ஆள்கூடப் போகவில்லை என்று இன்றைக்கும் பேசுவார்கள். அந்த ஒற்றுமையால்தான் எங்களுக்குச் சம்பளம் கூடியது, அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அன்றைக்கு அதுவே எங்கள் கழுத்தை அறுத்தது.

கோயில் தலைவர் விவரத்தைச் சொல்லிவிட்டு, சம்மதம் என்றால் கை தூக்கச் சொன்னார். முன்வரிசையில் ஒரு கை எழுந்தது. அதைப் பார்த்துப் பக்கத்துக் கை. அப்பா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு அவர் கையும் மேலே போனது. எல்லாரும் கைதட்டினார்கள்.

திரும்பும்போது வேன் நிறைய எங்கள் தெருக்காரர்கள். பாதி வழியில், சிம்பாங் பூலாய் தாண்டும்போது, பின்சீட்டில் இருந்த தெருக்கார அக்கா ஒருவர் மெல்ல அழ ஆரம்பித்தார். அவருடைய கணவரும் அந்த இடுகாட்டில்தான் இருக்கிறார்.

"எனக்கு இஷ்டமே இல்ல லா. எல்லாரும் தூக்குனாங்க, நானும் தூக்கிட்டேன்."

பக்கத்தில் இருந்தவரும் அதையே சொன்னார். பிறகு இன்னொருவர். கூட்டத்தில் முதலில் கை தூக்கியவரும் எங்கள் வேனில்தான் வந்தார். தலைவர் தன்னையே பார்த்ததால் தூக்கிவிட்டதாகச் சொன்னார்.

"அப்ப கொடுக்கணும்னு நெனச்சது யாருதான்?" என்றார் அப்பா. எனக்கு ஆத்திரமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். சொல்லிவிட்டீர்களா என்று கேட்டாள். அப்பா குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"எல்லாரும் கை தூக்கிட்டாங்க."

"நான் எல்லாரையும் அனுப்பலையே" என்றாள் அம்மா. "உங்களத்தானே அனுப்புனேன்."