நாலாம் மாடிக் கப்பி

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், தொடர்மாடியின் நாலாம் மாடியில் இருந்துகொண்டு சாமினி மதியச் சாப்பாடு சமைத்து விற்றாள். புருஷன் இல்லை. அவளும் இரண்டு பிள்ளைகளும் அந்த அடுப்பை நம்பித்தான் இருந்தார்கள்.

இறக்குமதி முடங்கிய ஆண்டில் லிஃப்ட் பழுதாகி நின்றது. பாகம் வரவில்லை என்றார்கள். அரிசி மூட்டையையும் காஸ் சிலிண்டரையும் சாமினி படியால் சுமந்தாள். ஒருநாள் மூட்டையோடு உருண்டு விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு இருந்தவளைப் பார்க்க, மாடிக் கொமிட்டித் தலைவர் தில்லைநாதன் வந்தார்.

"இந்தச் சாப்பாட்டு வேலையை விடுங்கோ பிள்ளை. உங்களுக்கு இது ஏலாது."

அவர் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். ஆனால் "ஏலாது" என்ற சொல் சாமினிக்குச் சுருக்கென்று தைத்தது.

கை சுகமானதும் புறக்கோட்டைக்குப் போய் இரண்டு கப்பியும் தடித்த கயிறும் வாங்கி வந்தாள். வெல்டிங் வேலை செய்யும் பாஸ் ஒருவர் பின்பக்கப் பல்கனிக்கு மேலே இரும்புச் சட்டம் இறுக்கிக் கொடுத்தார். ஒரு கப்பி சட்டத்தில், மற்றது கொக்கியோடு கயிற்றில். இரு மடங்கு கயிறு இழுக்க வேண்டியிருந்தது. ஆனால் கைக்குப் பாதிப் பாரம்தான் தெரிந்தது. கீழே ஆட்கள் போகாதபடி கம்பி வேலியும் அடைத்தாள். முதல் மூட்டை பல்கனிக்கு வந்து சேர்ந்தபோது, மூச்சு வாங்காமல் நின்றதை நினைத்துச் சிரித்தாள்.

தில்லைநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை. "இது ஃபிளாட்ஸ், ஹாபர் இல்லை," என்றார்.

சாமினியின் தகப்பன் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர் என்பது அவருக்குத் தெரியும்.

"ஓம் அங்கிள், நான் ஹாபர்காரன்ர மகள்தான். உங்கட லிஃப்டும் கப்பியிலதான் ஓடினது."

இரண்டு நாள் கழித்துக் கயிறு வெட்டப்பட்டுக் கிடந்தது. வெட்டிய துண்டோடு அவருடைய கதவைத் தட்டினாள்.

"கொமிட்டி முடிவு," என்றார் அவர்.

"அப்ப கொமிட்டியே வந்து என்ர அரிசியைச் சுமக்கட்டும்."

அன்று பின்னேரமே புதுக்கயிறு பூட்டினாள். கடற்கரைக்குப் போகிறவர்கள் எல்லோரும் கீழே இறங்கும் நேரம் பார்த்து, அவர்கள் முன்னால் சிலிண்டரை மேலே இழுத்தாள். சிலிண்டர் பல்கனிக்கு வரும்வரை கயிற்றை விடவில்லை.

கூட்டத்தில் ஐந்தாம் மாடி நஸீறாவும் நின்றாள். கணவர் மர்ஸூக்குக்கு முழங்கால் சத்திரசிகிச்சை. வீட்டுச் சாமானெல்லாம் அவள் தலையில்தான். "எங்கட சிலிண்டரையும் ஒங்கட வீடு வரைக்கும் ஏத்தித் தரேலுமா?" என்று கேட்டாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். அடுத்த கொமிட்டிக் கூட்டத்தில் கயிற்றை வெட்டச் சொல்ல ஆளில்லை. தில்லைநாதன் மட்டும் கடைசிவரை தன் சாமானைத் தானே படியால் தூக்கிக்கொண்டு போனார். அவருடைய பிடிவாதத்தைச் சாமினி மனதுக்குள் மதித்தாள்.

ஒருவழியாக லிஃப்ட் ஓடத் தொடங்கியது. இனிக் கப்பியைக் கழற்றலாமே என்று தில்லைநாதன் கேட்டார்.

"லிஃப்ட் கரண்டை நம்பி ஓடுது அங்கிள். இது என்ர கையை நம்பி ஓடுது," என்றாள் சாமினி. "கழட்டமாட்டன்."

அன்று காலையும் தேங்காய்ச் சாக்கு பல்கனி வழியாகத்தான் ஏறியது.