தக்காளி விலை விழுந்த வருஷம்

எந்தப் பயிர் போட்டால் கையில் என்ன மிஞ்சும் என்று ஊர் ஊராகப் போய் விவசாயிகளுக்குச் சொல்வதுதான் அம்மாவின் உத்தியோகம். விவசாயக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவள். கல்லூரி ஜீப் கோச்சடையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம், கலெக்டருக்கு அடுத்தபடி அம்மாதான் என்று தெருப்பிள்ளைகளிடம் நான் சொல்லி வைத்திருந்தேன்.

எனக்குப் பத்து வயதிருக்கும். அந்த வருஷம் அம்மா தக்காளி போடச் சொல்லியிருந்தாள். எல்லாரும் போட்டார்கள். விளைந்தது எல்லாம் ஒரே வாரத்தில் பரவை மார்க்கெட்டுக்கு வந்து இறங்க, கிடைத்த விலை வண்டிக்கூலிக்குக்கூடக் கட்டாமல் கூடை கூடையாகக் கொட்டிவிட்டுத் திரும்பினார்கள்.

"சூடு ஆறட்டும், ஒரு மாசம் கழிச்சுப் போ. சந்தை விழுந்ததுக்கு நீ என்ன பண்ணுவ?" என்றார் அப்பா.

"இப்பப் போகலைன்னா பெறகு எப்பவும் போக முடியாது" என்று அம்மா கிளம்பினாள். பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் ஜீப்பில் ஏறிக்கொண்டேன்.

சோழவந்தானைத் தாண்டி ஒரு சின்ன ஊர். வாய்க்கால் கரை முழுக்கத் தக்காளி அழுகிக் கிடந்தது. ஆடுகள்கூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தன. பள்ளிக்கூட வராந்தாவில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். வழக்கமாக அம்மாவுக்கு ஓடிவந்து நாற்காலி போடுகிறவர்கள், அன்று யாரும் எழுந்திருக்கவில்லை.

தலையில் துண்டு கட்டிய ஒருவர்தான் ஆரம்பித்தார். "நெல்லு போட்டிருந்தா கஞ்சியாவது குடிச்சிருப்போம். ஒங்க பேச்ச நம்பி அம்புட்டு நெல்லு வயலையும் மாத்தி தக்காளி போட்டோம். ஒங்களுக்கென்ன, மாசம் பொறந்தா சம்பளம் வந்துரும்."

சந்தை விழுந்ததற்கு நான் என்ன செய்ய என்று அப்பா சொன்னதையே அம்மா இப்போது சொல்லிவிடுவாள் என்று நான் காத்திருந்தேன்.

"தப்பு என்னோடதுதாண்ணே" என்றாள் அம்மா, நின்றுகொண்டே. "இங்க சொன்னதையே சுத்தி அஞ்சு ஊர்லயும் சொன்னேன். எல்லாரும் ஒண்ணாப் போட்டா வெல விழும்னு ஒங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொல்லலை."

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. துண்டுக்காரர் துண்டை அவிழ்த்து உதறினார். அம்மாவை அடிக்கத்தான் வருகிறார் என்று பயந்துவிட்டேன். அவரோ துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, இப்ப என்ன போடலாம், அதச் சொல்லுங்க" என்றார்.

"இப்பச் சொல்ல மாட்டேன். மத்த ஊர்ல என்ன போடப் போறாங்கன்னு கேட்டுட்டு அடுத்த வாரம் வாரேன்."

"வாங்க. அடுத்த போகத்துக்கு நாத்துப் பாவறதுக்குள்ள வந்துருங்க."

திரும்பும் வழியில், காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பியிருந்த அம்மா தூக்குச்சட்டியைத் திறந்து, என் பங்கு இட்லியையும் சேர்த்துச் சாப்பிட்டாள். நான் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். அத்தனை பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாளே என்று கோபம்.

அவ்வளவு திட்டிய மனிதர், எதற்காக மறுபடியும் அம்மாவிடமே யோசனை கேட்டார் என்பதும் எனக்குப் பிடிபடவில்லை. பாவம், கேட்பதற்கு அவருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.