ஸ்ட்ராத்தோரனின் ஒற்றை வாக்கு

ஸ்காட்லாந்தில் பால்மெனக் ஊர் மண்டபத்தின் முகப்பில் தேர்தல் நாளன்று இரண்டு நாற்காலிகள் போடுவார்கள். ஒன்று நன்றாக இருக்கும். மற்றதற்கு ஒரு கால் குட்டை. 1950 பொதுத்தேர்தல் அன்று காலையில் ஹெக்டர் மன்கர் ஐந்து நிமிடம் முன்னால் வந்துவிட்டதால் நல்ல நாற்காலி கன்சர்வேட்டிவ் கட்சிக்குப் போயிற்று. ஐந்து நிமிடம் பிந்தி வந்த நெட்டா கில்க்ரிஸ்ட் லிபரல் கட்சியின் சார்பில் ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ தேர்தல் வந்தது; நாற்காலி மட்டும் மாறவில்லை. நெட்டா ஒவ்வொரு முறையும் வீட்டிலிருந்து ஒரு மரச்சில்லைக் கொண்டுவந்து குட்டைக் காலுக்கு அடியில் செருகிக்கொள்வாள்.

அவர்கள் வேலை சின்னது. வாக்குப் போட்டுவிட்டு வெளியே வருகிறவர்களிடம் வாக்காளர் பட்டியல் எண்ணைக் கேட்டுத் தாளில் குறிக்க வேண்டும். மணிக்கு ஒருமுறை கட்சி அலுவலகத்திலிருந்து ஆள் வந்து தாளை வாங்கிப்போவார். யார் இன்னும் வரவில்லை என்று பார்த்து, அவர்கள் வீட்டுக்குக் கார் போகும். சம்பளம் கிடையாது. நெஞ்சில் குத்திக்கொள்ள ஒரு ரிப்பன் பூ உண்டு. அவருக்கு நீலம், அவளுக்கு மஞ்சள்.

இந்த வேலையில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. ஒருவர் கழிப்பறைக்கோ கால் நீட்டவோ எழுந்து போனால், மற்றவர் இரண்டு கட்சிக்கும் சேர்த்து எண்ணைக் குறிப்பார். திரும்பி வந்தவர் அதைச் சரிபார்க்கக் கூடாது. பார்த்தால் கேவலம்.

நெட்டா மற்ற நாட்களில் ரொட்டி வேன் ஓட்டினாள். காட்டிலாகாவில் மரம் வெட்டிய கணவன் டாம் 1968-இல் இறந்துபோனான். குழந்தை இல்லை. தோரன் பள்ளத்தாக்கின் அத்தனை வீட்டு வாசலும் அவளுக்குத் தெரியும். எந்த வீட்டில் யாருக்கு ஓட்டு என்று கேட்காமலே சொல்வாள். "பண்ணை மாளிகைக்குப் பயந்தவங்க எல்லாம் வெள்ளை ரொட்டி வாங்குவாங்க. நம்மாளுங்க ஓட்ஸ் பிஸ்கட்" என்பாள். ஹெக்டர் பள்ளத்தாக்கின் மேல்கோடியில் குத்தகைக்கு ஆடு வளர்த்தார். நிலம் பண்ணை மாளிகைக்குச் சொந்தம்; மாளிகை கன்சர்வேட்டிவ் பக்கம். அவர் வெள்ளை ரொட்டிதான் வாங்கினார்.

ஸ்ட்ராத்தோரன் தொகுதியின் கதையை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். கன்சர்வேட்டிவ், ஊர்ப் பேச்சில் டோரி, ஜெயிக்கும். லிபரல் இரண்டாவதாக வரும். தொழிற்கட்சிக்கு நிற்கும் பள்ளி ஆசிரியர் கட்டிய பணத்தை இழப்பார். எழுபதில் ஸ்காட்லாந்து தேசியக் கட்சி பைப் இசைக்காரனோடு வந்து கொஞ்சம் கலகலப்பு உண்டாக்கியது. ஆனாலும் ஜெயித்தது கன்சர்வேட்டிவ்தான். முந்நூறு ஓட்டு, எண்ணூறு ஓட்டு, ஒருமுறை வெறும் அறுபத்தேழு. ஒவ்வொரு தடவையும் லிபரல்காரர்கள், "அடுத்த முறை பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

நெட்டாவுக்கும் ஹெக்டருக்கும் ஓட்டு பால்மெனக்கில் இல்லை. இருவருக்கும் வீடு ஒன்பது மைல் மேலே. அங்கிருந்த பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டு. சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் ஹெக்டரின் பழைய லேண்ட்ரோவரில் இருவரும் ஏறிக்கொள்வார்கள். ஒருவர் பின் ஒருவராகப் போய்ப் போட்டுவிட்டு வெளியே வருவார்கள்.

"கழிச்சாச்சா?" என்பார் ஹெக்டர்.

"கழிச்சாச்சு" என்பாள் நெட்டா.

ஒன்றுக்கொன்று சரியாகப் போய்விட்ட இரண்டு ஓட்டு. ஏழு தேர்தல் இப்படி நடந்தது.

எழுபத்துநான்கு பிப்ரவரியில்தான் அது மாறிப்போனது. மின்வெட்டுக் காலம். வாக்குப்பதிவுக்கு முதல்நாள் வானொலியில் பனிமழை என்று சொன்னார்கள். ரொட்டிக்கடை முதலாளி நெட்டாவைக் கூப்பிட்டு, "மேல்பக்கத்து வீடுங்களுக்கு விடியக்காலையிலேயே போட்டுட்டு வந்துடு, அப்புறம் பாதை மூடிக்கும்" என்றார். ஏழு மணிக்கு அவள் பள்ளிக்கூட வாசலில் ரொட்டித் தட்டோடு நின்றபோது உள்ளே விளக்கு எரிந்தது. பெட்டியைப் பூட்டி முத்திரை வைத்து முடித்திருந்தார்கள். முதல் ஆளாக ஓட்டுப் போட்டுவிட்டு, வேனை ஓட்டிக்கொண்டு பால்மெனக் வந்து ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்தாள். உள்ளே இருந்த அதிகாரி ரகசியப் பிரமாணம் எடுத்தவர். வேறு யாருக்கும் தெரியாது. ஹெக்டரிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை. அன்று அவ்வளவு கூட்டம்.

சாயங்காலம் ஆறரைக்கு ஹெக்டர் எழுந்துபோய்ச் சாலையைப் பார்த்துவிட்டு வந்தார். தொப்பியில் பனி.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியல, நெட்டா. போனா பள்ளத்துலதான் கிடப்போம். நான் தங்கச்சி வீட்டுலயே படுத்துக்கறேன். நீ?"

"எனக்கு அக்கா வீடு இருக்கு."

"அப்ப ஓட்டு?" அவரே சிரித்தார். "ஒன்பது மைல் போய் கழிச்சுக்கறதுக்கு இங்கயே கழிச்சுக்கலாமே. நீயும் போடல, நானும் போடல. என்ன சொல்ற?"

கையை நீட்டினார். ஆட்டுக் கம்பளிக் கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் நீட்டினார்.

நெட்டா அந்தக் கையைப் பார்த்தாள். சொல்லியிருக்கலாம், 'நான் காலையிலேயே போட்டுட்டேன் ஹெக்டர்' என்று நாலே வார்த்தை. அவர் சிரித்துக்கொண்டு லேண்ட்ரோவரை எடுத்திருப்பார். அந்தப் பனியிலும் எடுத்திருப்பார். பள்ளத்தில் விழுந்துவிடுவாரோ என்ற பயம் அவளுக்கு உண்மையாகவே இருந்தது. அந்தப் பயத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு கணக்கும் இருந்தது. அவள் கையைக் குலுக்கினாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை பகலில் கிர்க்டோனல் நகர மன்றத்தில் எண்ணினார்கள். முதல் எண்ணிக்கையில் லிபரல் நான்கு ஓட்டு முன்னால். மறு எண்ணிக்கையில் கன்சர்வேட்டிவ் இரண்டு. மூன்றாவதில் லிபரல் ஒன்று. நான்காவதிலும் லிபரல் ஒன்று. தேர்தல் அதிகாரி மேடையேறி 9,416 என்றும் 9,415 என்றும் வாசித்தபோது மஞ்சள் ரிப்பன்காரர்கள் தொப்பிகளை வீசினார்கள். யாரோ நெட்டாவைத் தூக்கி மேசைமேல் நிறுத்தினார்கள். மேசைமேல் நின்றுகொண்டு அவள் கூட்டத்தில் நீல ரிப்பன் ஒன்றைத் தேடினாள்.

அடுத்த வாரம் ஆட்டுச் சந்தையில் ஹெக்டரைச் சூழ்ந்துகொண்டார்கள். நெட்டா வேனின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து பன் விற்றுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை தப்பாமல் கேட்டது.

"ஓட்டுப் போடாத டோரி வர்றார், வழிவிடுங்க!"

"உன் ஒரு ஓட்டு இருந்தா சமமா நின்னிருக்கும், மன்கர்" என்றார் கட்சியின் உள்ளூர்த் தலைவர் கேப்டன் ஆக்டர்லோனி. "சீட்டுக் குலுக்கிப் பார்த்திருக்கலாம்."

"நெட்டாவும் போடலயே, கேப்டன். ரெண்டு பேரும் கை குலுக்கிக்கிட்டோம். நான் போயிருந்தா அவளும் வந்திருப்பா. அப்பவும் அதே ஒண்ணுதான்."

"அவ போடலைன்னு உனக்கு எப்படித் தெரியும்? போட்டவங்க பேருக்கு நேரா கோடு இழுத்த பட்டியல் கோர்ட் ஆபீஸ்ல ஒரு வருஷம் இருக்கும். போய்ப் பார்த்துட்டு வந்துடலாமா?"

ஹெக்டர் கைத்தடியை மண்ணில் ஊன்றினார். "கை குலுக்கினதுக்கு அப்புறம் பேப்பரைத் தேடிப் போறவன் இந்தச் சந்தையில ஆடு விக்கக் கூடாது. நீங்க வேணா போங்க. என்கூட அப்புறம் பேசாதீங்க."

கேப்டன் போகவில்லை. வாங்க வந்த ஒருத்தி கேட்டதைவிட இரண்டு பன் அதிகமாக நெட்டா போட்டுக் கொடுத்துவிட்டாள்.

லிபரல் உறுப்பினர் எட்டு மாதம் பதவியில் இருந்தார். அக்டோபரில் மறுபடி தேர்தல் வந்து ஆயிரத்து இருநூறு ஓட்டில் தோற்றுப்போனார். அந்த எட்டு மாதத்தில் பள்ளத்தாக்கின் மேல்கோடிக்கு ஒரு சிவப்புத் தொலைபேசிக் கூண்டு வாங்கிக் கொடுத்தார். ஒவ்வொரு வசந்தத்திலும் ஆடு ஈனும்போது ஹெக்டர் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டது அந்தக் கூண்டிலிருந்துதான். "உங்க ஆளு இது ஒண்ணாவது செஞ்சான்" என்பார். நெட்டா வேனின் கியரை மாற்றிக்கொண்டு போய்விடுவாள். அக்டோபரிலும் எழுபத்தொன்பதிலும் அவர்கள் பழையபடி லேண்ட்ரோவரில் போனார்கள். "கழிச்சாச்சா?" என்று அவர் கேட்டார். "கழிச்சாச்சு" என்றாள். முன்பு போல அது வாயிலிருந்து லேசாக வரவில்லை.

எண்பத்துமூன்றில் எல்லைகளை மாற்றி வரைந்தார்கள். ஸ்ட்ராத்தோரனை மூன்றாக வெட்டி மூன்று பக்கத்துத் தொகுதிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். பால்மெனக் போய்ச் சேர்ந்தது ஒரு கடலோர ஊரோடு. மேல்கோடிப் பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டதால் அந்தப் பக்கத்து ஆட்களுக்கும் பால்மெனக் மண்டபத்திலேயே ஓட்டு.

ஜூன் மாதம் தேர்தல். நல்ல வெயில். நெட்டாவுக்கு அறுபத்தொன்று, ஹெக்டருக்கு அறுபத்தாறு. மரச்சில்லைச் செருகி உட்கார்ந்தாள்.

"மீன்காரங்க கையில கொடுத்துட்டாங்களே நம்மள" என்றார் ஹெக்டர். "ஓட்டை எண்றப்போ மூக்கைப் பொத்திக்கணும்."

"அவங்க உங்களைப் பார்த்து மூக்கைப் பொத்துவாங்க. ஆட்டு வாடை."

அவர் சிரித்துவிட்டு, குடுவையிலிருந்து பார்லி சூப்பை மூடியில் ஊற்றி அவளிடம் கொடுத்தார். பிறகு கோட்டின் உள்பையிலிருந்து ஓர் உறையை எடுத்தார். ஒட்டி, தபால்தலை வைத்தாயிற்று.

"மாவட்டப் பத்திரிகைல கேட்டிருக்காங்க பாத்தியா, ஸ்ட்ராத்தோரனைப் பத்தி ஞாபகம் இருக்கறதை எழுதுங்கன்னு. நான் எழுதிட்டேன். நாலு மணித் தபால்ல போயிடும்."

"என்ன எழுதினீங்க?"

"வேற என்ன? எழுபத்துநாலு. ஒரு ஓட்டுல போச்சு, ஆனா நானும் நெட்டா கில்க்ரிஸ்ட்டும் குலுக்கின கை நின்னுச்சுன்னு. உன் பேரை முழுசாப் போட்டிருக்கேன். இந்தத் தொகுதில எத்தனையோ பேர் எத்தனையோ வாக்கு குடுத்தாங்க, நின்னது அது ஒண்ணுதான்னு முடிச்சிருக்கேன். நல்லா வந்திருக்கு."

மூடியிலிருந்த சூப்பை நெட்டா தரையில் வைத்தாள். தபால்பெட்டி சாலைக்கு எதிரே இருந்தது. மணி மூன்று ஆகப் பத்து நிமிடம்.

"ஹெக்டர், அதை அனுப்பாதீங்க."

"ஏன், வெட்கமா?"

"அன்னிக்கு நான் போட்டிருந்தேன்."

"என்ன?"

"காலையில ஏழு மணிக்கே. ரொட்டி போடப் போனப்போ. நீங்க கை நீட்டினப்போ நான் ஏற்கெனவே போட்டுட்டேன். சொல்லல."

ஒரு பெண் குழந்தைவண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். "நூற்று எழுபத்தொன்று" என்று அவளாகவே சொன்னாள். இருவரும் எழுதினார்கள்.

"நான் சந்தையில..." என்று ஆரம்பித்த ஹெக்டர் நிறுத்திக்கொண்டார். "எத்தனை பேர் முன்னாடி உனக்காகப் பேசினேன்."

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"கேட்டுக்கிட்டா இருந்த?"

"பன் வித்துக்கிட்டு இருந்தேன்."

அவர் எழுந்தார். நல்ல நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவுக்கு அந்தப்புறம், அவளுக்கு முதுகு தெரியும்படி போட்டு உட்கார்ந்தார். முப்பத்துமூன்று வருடத்தில் அந்த நாற்காலி அப்போதுதான் முதல்முறையாக இடம் மாறியது.

ஒரு மணி நேரம் அப்படியே போயிற்று. வந்தவர்கள் இரண்டு இடத்தில் எண் சொல்ல வேண்டியதாயிற்று. "என்ன, சண்டையா?" என்று கேட்ட கசாப்புக்கடைக்காரனிடம் இருவருமே எண்ணை மட்டும் கேட்டுக் குறித்தார்கள். நாலு மணிக்குத் தபால் வேன் வந்து பெட்டியைத் திறந்து வழித்துக்கொண்டு போயிற்று. ஹெக்டர் அசையவில்லை. மறந்தாரா, வேண்டாம் என்று விட்டாரா, அவர் முதுகைப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை.

நாலரைக்கு நெட்டா கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. சொல்லாமல் எழுந்து போனாள். தாளை நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போனாள். இனி காலியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். திரும்பி வந்து பார்த்தால் ஆறு எண்கள் புதிதாக இருந்தன. ஹெக்டரின் சாய்ந்த கையெழுத்து. அவர் தன் இடத்தில் முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தார்.

அவள் சரிபார்க்கவில்லை.

ஆறு மணிக்கு ஹெக்டர் எழுந்து அவள் முன்னால் வந்து நின்றார். "நான் உள்ளே போய்ப் போட்டுட்டு வரேன்" என்றார். "இந்தத் தடவை கையெல்லாம் குலுக்க மாட்டேன்."

"நானும் கேட்கல."

அவர் உள்ளே போனார். அந்த நேரத்தில் வெளியே வந்த மூவரின் எண்களை நெட்டா இரண்டு தாளிலும் குறித்தாள். அவர் தாள் அட்டையில் செருகியிருந்தது. அடியில் வெற்றுத்தாள்கள் நிறைய இருந்தன. ஹெக்டர் வெளியே வந்து தன் எண்ணைச் சொன்னார், எழுதினாள்.

பிறகு அவள் போனாள். பென்சிலைக் கயிற்றில் கட்டியிருந்தார்கள். சீட்டில் இருந்த பெயர்களில் ஒன்றுகூடத் தோரன் பள்ளத்தாக்கின் பெயர் இல்லை. கட்சியைப் பார்த்துப் போட்டாள். சீட்டை மடித்துப் பெட்டியில் விட்டுவிட்டு வெயிலுக்கு வந்தாள்.

நல்ல நாற்காலி பழைய இடத்தில் இருந்தது. ஹெக்டர் பென்சிலோடு நிமிர்ந்து, முன்பின் தெரியாத ஆளிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

"நம்பர் என்ன, மேடம்?"

"நானூற்றுப் பன்னிரண்டு."

"போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"சரி. இந்தத் தடவை கண்ணால பார்த்துட்டேன்."

குனிந்து எழுதினார். எதில் எழுதுகிறார் என்று பிறகுதான் அவள் கவனித்தாள். அட்டையில் அத்தனை வெற்றுத்தாள் இருக்க, தபால்தலை ஒட்டிய அந்த உறையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

மரச்சில் நழுவியிருந்தது. நெட்டா அதைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.