இரண்டு கைக்கடிகாரம் கட்டிய வீரன்

விவேக் நகரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில், சனிக்கிழமை காலைகளில், காமிக்ஸ் சாகச வீரர்களை டேப்லெட்டில் வரையக் கற்றுக்கொடுத்தார்கள். வந்த பத்துப் பேரும் என்னைப் போலவே ஐடி கம்பெனிக்காரர்கள்தான். ஆனால் நான் அவர்களை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. காரணம், சிமெட்ரி என்ற பொத்தான். அதை அழுத்திவிட்டுப் பாதி உடம்பை வரைந்தால் போதும், மறுபாதி தானாக வந்துவிடும். சோம்பேறிகளுக்கென்றே செய்துவைத்த வசதி. பக்கத்து இருக்கைக்காரரின் வீரன் அப்படித்தான் இரண்டு மணிக்கட்டிலும் கடிகாரம் கட்டிக்கொண்டு நின்றான்.

"உங்க ஆளு ரெண்டு ஷிஃப்ட் பாக்குறானா சார்?" என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி கேட்டேன்.

நான் அந்தப் பொத்தானைத் தொட்டதே இல்லை. ஒரு மாதமாக ஒரே வீரனை முழுக்க என் கையாலேயே வரைந்துகொண்டிருந்தேன். இடது கன்னத்தில் ஒரு தழும்பு வேறு கொடுத்திருந்தேன்.

ஆசிரியர் வந்து பார்த்தார். "ஒருவாட்டி ஃப்ளிப் பண்ணிப் பாருங்க சார். தப்பு இருந்தா அப்பதான் கண்ணுல படும்" என்றவர், அவரே படத்தை இடம் வலமாகத் திருப்பினார். தாடை ஒரு பக்கம் இழுத்துக்கொள்ள, ஒரு கண் நெற்றிக்கு ஏறியிருக்க, பல்வலிக்காரன் ஒருவன் திரையில் நின்றான். இந்த மூஞ்சியைத்தான் ஒரு மாதமாகக் கம்பீரம் என்று நினைத்திருக்கிறேன்.

கடிகாரக்காரர் எட்டிப் பார்த்தார். "பாவம் சார், இவனுக்கு சிக் லீவு குடுத்துடுங்க" என்றார்.

அடுத்த சனிக்கிழமை என் வீரனுக்கு இரண்டு கன்னத்திலும் தழும்பு இருந்தது. இரண்டும் வேறு வேறு சண்டையில் பட்டவை என்று, யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.