ரத்தமில்லாத சாப்பாடு

மகளோடு ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றுதான் ஆட்டுக்கார ஸ்தமாதிஸ் ஏதென்சுக்குப் பஸ் ஏறினார். மகள் ஆர்கிரோ ஊட்டி வளர்த்த ஆட்டுக்குட்டியை அவர் ஒரு ஈஸ்டருக்கு அறுத்திருந்தார். அன்றைக்குக் கறி, பால், முட்டை எல்லாவற்றையும் விட்டவள், ஊரையும் விட்டாள். பல வருஷம் கழித்து இப்போதுதான் பார்க்கச் சம்மதித்திருந்தாள்.

ஊரே கறி, பால், முட்டை தொடாத தவக்காலம் என்பதால் அவளுக்கேற்ற கடை கிடைப்பது சுலபம் என்று நினைத்தார். ஏறிய கடையிலெல்லாம், "நோன்புச் சாப்பாடு இருக்கா? பாலு, முட்டை ஒரு சொட்டு ஆகாது" என்று கேட்டார்.

"தாடியப் பாத்தா நீங்களே சாமியார் மாதிரிதான் இருக்கீங்க பெரியவரே, உக்காருங்க" என்று ஒரு கடைக்காரன் சிரித்தான்.

மகளை அந்தக் கடைக்கே வரச் சொல்லிவிட்டு, அவள் வருமுன்பே பீன்ஸும் கீரையும் சொன்னார். அவளுக்கென்று ஆசையாக, நெருப்பில் சுட்ட கடல் கணவாயும் சொன்னார்.

வந்தவள் தட்டைப் பார்த்து நின்றாள்.

"என்னப்பா இது?"

"கணவாய்ம்மா. ரத்தமே கெடையாது. நோன்புல நம்ம பாதிரியாரே இதத்தான் ஒரு வெட்டு வெட்டுவாரு."

"இதுவும் உசுரோட நீந்திக்கிட்டு இருந்ததுதானேப்பா?"

இத்தனை வருஷ நோன்பில் அந்த யோசனையே அவருக்கு வந்ததில்லை. அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"பீன்ஸையாவது தின்னும்மா."

"பசிக்கலப்பா. முட்டிவலி எப்படி இருக்கு?"

தண்ணீர் குடித்தாள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று அவர் கன்னத்தில் முத்தமிட்டுப் போனாள். அடுத்து எப்போது என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"என்ன பெரியவரே, கணவாய் சரியில்லையா?" என்றான் கடைக்காரன்.

"நல்லாத்தான் இருக்குய்யா" என்றார், தொட்டே பார்க்காமல்.