கடிகாரத்துக்குப் பக்கத்தில்

கல்யாணமாகிப் பட்டாபிராமுக்கு வந்த பிறகு, கம்ப்யூட்டரில் ஓடும் அப்ளிகேஷன்களை எழுதக் கற்றுத்தரும் ஆன்லைன் கல்லூரிப் படிப்பில் சேர்ந்தேன். லேப்டாப்பை என் கணவரே வாங்கி, வேண்டியதையெல்லாம் ஏற்றித் தந்தார். அவருக்கு அம்பத்தூரில் வேலை. நான் வகுப்பை மூடியதும் அங்கிருந்து போன் வரும். "இன்னா, கிளாஸ் முடிஞ்சிதா?" என் மேல் எவ்வளவு அக்கறை என்று அக்காவிடம் பீற்றிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இரண்டாவது செமஸ்டரில் ஒரு பாடம் வந்தது. விண்டோவை மூடினாலும் புரோகிராம் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும்படி எழுத வேண்டும். திரையின் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், குட்டி ஐகானாக அது ஒளிந்துகொள்ளும். என்னுடையதற்குப் பச்சை வட்டம் வைத்திருந்தேன். ஓட்டிவிட்டு, வந்திருக்கிறதா என்று அங்கே தேடினேன். வந்திருந்தது. அதை ஒட்டி, நான் எழுதாத ஒரு சாம்பல் கட்டமும் இருந்தது.

மவுசை அதன் மேல் கொண்டுபோனேன். 'திரை அனுப்பப்படுகிறது' என்று எழுத்து வந்தது. யாருக்கு என்று பார்க்க அதை அழுத்தினேன்.

போன் அடித்தது. அவர்தான்.

"பாடத்தப் படி," என்றார், சாதாரணமாக. "அத எதுக்கு நோண்டிகினு கீற?"